பிளஸ் டூ முடித்து விடுதியைக் காலி செய்யும் பையன்: என்னென்ன வாங்கணும், எப்போ வாங்கணும்?

தருமபுரிக்காரர் கேட்டது:
பையன் நாமக்கல் பக்கம் ஒரு ஆண்கள் உறைவிடப் பள்ளியில் ஆறாவதிலிருந்து விடுதியில் இருக்கிறான். மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி, உயிரியல் குரூப். மார்ச்சில் பொதுத்தேர்வு முடியுது. ஊரிலிருந்து பள்ளிக்கு மூன்று மணி நேரப் பயணம், அதனால் சும்மா சும்மா போய்வர முடியாது. கடைசிப் பரீட்சை அன்றைக்கே எல்லாக் காகிதத்தையும் வாங்கிட்டு வந்துடலாமா? காப்புத்தொகை எப்போ திரும்ப வரும்? கவுன்சிலிங்குக்கு இப்பவே எதைத் தயார் பண்ணணும்? பையனிடம் போன் கிடையாது, ஆதாரில் எந்த நம்பர் இருக்குன்னு எங்களுக்கே ஞாபகம் இல்லை.

அலுவலக மேசை:
ஒரே நாளில் முடியாது சார். குறைந்தது இரண்டு தடவை போகத்தான் வேணும்: கடைசிப் பரீட்சைக்கு ஒரு தடவை, ரிசல்ட் வந்த வாரம் ஒரு தடவை.

முதல் தடவை போகும்போது வாங்குவதைவிட சரிபார்ப்பதுதான் முக்கியம். சேர்க்கைப் பதிவேட்டில் பையன் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, அங்க அடையாளம், சமூகம் எல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க. டிசி அதிலிருந்துதான் வரும். பத்தாவது மார்க் ஷீட்டையும் ஆதார் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. அதிகம் இடிக்கிறது முன்னெழுத்துதான். மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசா இருக்கும். அப்படி இருந்தால் ஆதாரை மார்க் ஷீட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றுங்க, அதுதான் சுலபம். மார்க் ஷீட்டில் திருத்தம்னா தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறை இயக்ககத்துக்குப் போய் வரணும், மாதக்கணக்கில் இழுக்கும்.

ரிசல்ட் வந்ததும் பதிவெண், பிறந்த தேதி போட்டுத் தற்காலிக மதிப்பெண் சான்றை இறக்கலாம். தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு பள்ளியிலேயே வாங்குவது நல்லது. டிசி, நன்னடத்தைச் சான்று அப்போதே கிடைக்கும். அசல் மதிப்பெண் சான்று பின்னால் வரும், அதையும் பள்ளியில்தான் கொடுப்பாங்க. மார்க்கில் சந்தேகம் இருந்தால் விண்ணப்பமும் பள்ளி வழியாகத்தான். முதலில் விடைத்தாள் நகல் வாங்கணும், அதைப் பார்த்த பிறகே மறுமதிப்பீடு. கெடு சில நாள்தான் இருக்கும், தூரத்து ஊர்க்காரங்க கோட்டை விடுவது இங்கேதான்.

தமிழ் வழி என்பதால் இன்னொன்று: தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைக்கு இது வேணும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே காட்டணும். 6 முதல் 12 வரை இந்தப் பள்ளி கொடுக்கும். 1 முதல் 5 வரை அந்தத் தொடக்கப்பள்ளியில் போய் வாங்கிக்கங்க. அது மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ போன பிறகு அலைவதைவிட இப்பவே வாங்கி வைத்துவிடலாம்.

கட்டணப் பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கவோ அதில் பாக்கி என்று எழுதவோ கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கு. ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன்னால், நூலகம், ஆய்வகம், மெஸ், விளையாட்டுப் பொருள் நான்கிலும் கையெழுத்து வாங்கி 'பாக்கி இல்லை' படிவத்தை முடிச்சிடுங்க. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

விடுதிக் காப்பாளர்:
காகிதம் பற்றி மேலே சொல்லியாச்சு. நான் சாமான் பற்றிச் சொல்றேன்.

குரூப்புக்குக் குரூப் கடைசித் தேர்வு நாள் மாறும். முன்னால் முடித்த பையன்கள் சட்டையில் மை தெளித்துக் கொண்டாடுவாங்க, பின்னால் எழுதுபவன் படிக்க முடியாது. உங்கள் பையனுக்குப் பரீட்சை பாக்கி இருந்தால் அவனை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்க, பெரும்பாலும் செய்வாங்க.

அழைக்க வருபவர் பள்ளி கொடுத்த பெற்றோர் அட்டையில் படம் உள்ளவராக இருக்கணும். சித்தப்பாவையோ மாமாவையோ அனுப்புவதென்றால் முன்கூட்டியே கடிதம் கொடுத்திடுங்க.

நூலகப் புத்தகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிளஸ் டூ பையன்கள் ஒன்பதாவது பையன் பெயரில் எடுத்திருப்பாங்க, அவன் பெயரில் எடுத்தது இவன் அலமாரியில் இருக்கும். கிளம்பும் முன் அலமாரியைக் கொட்டிப் பார்க்கணும். அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தால்தான் காப்புத்தொகைக் கணக்கு முடியும்.

பிளஸ் ஒன் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட விடாதீங்க. நீட் எழுதும் பையனென்றால் இரண்டு வருடப் புத்தகமும் மே மாதம் வரை வேணும்.

மெத்தையை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். மூட்டைப்பூச்சி தையல் மடிப்பில்தான் இருக்கும், ஒன்றிரண்டு வந்தாலே வீடு முழுக்கப் பரவிடும். தகரப் பெட்டியைக் காலி செய்து இரண்டு நாள் உச்சி வெயிலில் திறந்து வைங்க.

சொறி இருக்கான்னு பாருங்க. பையன்கள் சொல்ல மாட்டாங்க. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடையிடுக்கில் ராத்திரியில் அரிப்பு இருந்தால் அநேகமாகச் சிரங்குதான். மருத்துவரிடம் காட்டினால் வழக்கமாக 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு தருவாங்க. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்கணும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஒருமுறை. அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் போகாது. வீட்டில் மற்றவர்களும் அதே நாளில் போடணும், இல்லையென்றால் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். துணி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயட்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைத்தால் போதும்.

இசேவை மையம்:
அண்ணே, முதல்ல ஆதார். 15 வயசு ஆனதும் கைரேகை, கருவிழி புதுப்பிக்கணும், 15லிருந்து 17க்குள் செய்தால் கட்டணமில்லை. விடுதிப் பையன்களில் நிறைய பேர் இதை விட்டுடுவாங்க. அப்புறம் கைரேகை வைக்கிற இடத்தில் எல்லாம் பொருந்தலைன்னு வரும். புதுப்பிக்கும்போதே உங்க போன் நம்பரைச் சேர்த்திடுங்க. கவுன்சிலிங், நீட் எல்லாத்துக்கும் அதே ஒரு நம்பரைக் கொடுங்க. கவுன்சிலிங் முடியும் வரை அந்த சிம்மை மாற்றவும் வேண்டாம், ரீசார்ஜ் தீரவும் விடாதீங்க.

சான்றுகளை உங்க ஊர்த் தாலுகாவில்தான் போடணும். பள்ளி இருக்கிற தாலுகாவில் போட்டால் நிராகரிப்பாங்க, கிராம நிர்வாக அலுவலருக்கு உங்க குடும்பத்தைத் தெரியாதே. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்ததால் பொறியியல் கவுன்சிலிங்குக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் டிஜிட்டலாக மாற்றிக்கங்க. வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாடியே வாங்க வேண்டாம்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கலைன்னா கல்விக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்று போடுங்க. அண்ணன், அக்கா இருந்தால் அவங்க டிசியும் கேட்பாங்க. குடும்பத்தில் ஒருத்தர்தான் இந்தச் சலுகையை எடுக்கலாம், மூத்த பிள்ளை ஏற்கெனவே எடுத்திருந்தால் கிடைக்காது.

ஐஐடி, என்ஐடி பக்கம் போகிற எண்ணம் இருந்தால் மாநிலச் சாதிச் சான்று போதாது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்று வேணும், அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்கணும். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் ஆர்வத்தில் உடனே வாங்கிடாதீங்க, அது செல்லாது.

தருமபுரிக்காரர்:
மிக்க நன்றி. காப்புத்தொகை ரசீது ஏழு வருஷத்துக்கு முந்தையது, காணோம். பையனுக்குத் தொடங்கிய வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாமா?

அலுவலக மேசை:
ரசீது இல்லாவிட்டாலும் சேர்ந்த வருடத்துக் கட்டணப் பதிவேட்டில் இருக்கும். சேர்க்கை எண், தேதி குறிப்பிட்டு, ரசீது தொலைந்துவிட்டது, பின்னால் கிடைத்தால் அதை வைத்து மறுபடி பணம் கேட்கமாட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்க. பையன் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்குப் புத்தக நகலைக் கொடுங்க. மைனர் கணக்காக இருந்தால் 18 முடிந்ததும் புதுக் கையெழுத்தும் அடையாள ஆவணமும் கொடுக்கும் வரை வங்கி நிறுத்தி வைக்கும். கல்லூரி உதவித்தொகைக்கு எப்படியும் அந்தக் கணக்கு வேணும், பிறந்தநாள் முடிந்த வாரமே பையனை நேரில் கூட்டிட்டுப் போய் மாற்றிடுங்க.