நிலா நீலமா, இல்லையா?

பழையஜெல்: முந்தாநாள் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "நிலா வெளிச்சம் நீலமே இல்லை. ராத்திரி சீனுக்கு லைட் முன்னால் நீல ஜெல் தாள் மாட்டுகிறவனுக்கு ஒளிப்பதிவு தெரியாது." முப்பது வருடமாக லைட் பிடிக்கிறேன். இத்தனை நாள் கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பா கட்டினேன்?

கருவிழி: எழுதியது நான்தான் சார். நிலா அனுப்புவது வெயிலின் பிரதிபலிப்பு. நிறத்தைக் கெல்வினில் அளந்தால் 4100 பக்கம் வரும்; எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம். உச்சி வெயில் 5500. வெயிலைவிட நிலா கொஞ்சம் மஞ்சள்தான்.

பழையஜெல்: படம் பார்க்கிறவன் மீட்டரோடவா உட்காருகிறான்? மங்கின வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிவப்பு செத்துப்போகும், நீலம் எடுப்பாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே புர்கின்யே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. நீலம்தான்.

பட்டர்பேப்பர்: நிறத்தை விடுங்கப்பா, நிழலைப் பாருங்கள். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான், அதனால் நிழல் கூராக விழும். ஒரே ஒரு லைட்டை ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, உயரத்தில் ஏற்றுங்கள். கிட்டே வைத்தால் கம்பி நிழல் தரையில் விசிறி மாதிரி விரிந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு லைட் போட்டால் இரண்டு நிலா.

பழையஜெல்: நிழலை யார் கேட்டது? பேச்சு நீலத்தைப் பற்றி. கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எதை வெள்ளையாகக் காட்டுவது என்ற அளவு) 3200 கெல்வினில் வைத்து, வெளியே வெயில் நிறத்தில் எரியும் 5600 ஹெச்எம்ஐ விளக்கை அடித்தால் ஜெல்லே இல்லாமல் முழு நீலம். கேமராவை 4300க்கு ஏற்று, பாதி நீலம். கட்டில் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியட்டும், அந்த மஞ்சளுக்கு எதிரேதான் நீலம் நிற்கும். முகத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால்வாசி வெளிச்சத்துக்கு, இறக்கிவிட்டு, கன்னத்தோரத்தில் மட்டும் ஒரு கீற்று விடு.

கருவிழி: ஆக, ஜெல் வேண்டாம். நானும் அதைத்தானே சொன்னேன்?

பழையஜெல்: ஜெல் வேண்டாம் என்றேன். நீலம் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? தம்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கவும்.

கருவிழி: உங்கள் போன குறும்படத்தில் படுக்கையறை மீன்தொட்டி மாதிரி இருந்தது. கதாநாயகிக்கு உதடே தெரியவில்லை.

பட்டர்பேப்பர்: 😂

பழையஜெல்: அந்த மீன்தொட்டியிலிருந்து நீ கடன் வாங்கிப் போன நான்கு கிளாம்ப் எங்கே? தீபாவளிக்கு வரும் என்றாய். எந்தத் தீபாவளி?

கருவிழி: இரண்டுதான் வாங்கினேன்.

பட்டர்பேப்பர்: அப்போது நானும் இருந்தேன், மூன்று. அப்புறம், சுவரில் வெள்ளை பெயிண்ட் இருந்தால் எந்த லைட் போட்டும்...

பழையஜெல்: நான்கு. நீலம்.