நடக்க ஆரம்பிச்சு எத்தன நாள்ல பலன் தெரியும்? வெயிட் மெஷின் அசையவே மாட்டேங்குது

செங்கோட்டைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு, செங்கோட்டையில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுற வேலை, காலையில உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கது. போன தடவ ரத்தம் குடுத்தப்ப மூணு மாச சுகர் 6.2ன்னு வந்துச்சு, டாக்டரம்மா மாத்திர இப்ப வேண்டாம், பார்டர்லதான் இருக்கு, தெனமும் நட, சோத்தக் கொற, மூணு மாசம் கழிச்சு வான்னு சொல்லிட்டாங்க. அதுல இருந்து விடியக்காலம் குண்டாறு டேம் போற ரோட்டுல அரைமணி முக்காமணி நேரம் நடக்கேன், ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனா மெஷின்ல ஏறி நின்னா அதே 71, ஒரு வாரம் அரைக்கிலோ கூட காட்டுச்சு. வீட்ல அத்தை "நீ நடந்து என்னத்தக் கண்ட, அந்த நேரத்துல ரெண்டு வேலையப் பாத்தாலும் ஒடம்பு எளைக்கும்லா"ன்னு சொல்லுதாவ. யூடியூப்ல ஒருத்தர் 7 நாள்ங்கார், இன்னொருத்தர் 21 நாள்ங்கார். நெசமா எத்தன நாள் ஆகும், எது முதல்ல மாறும் எது கடைசில மாறும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புளியரை அண்ணாச்சி:
தங்கச்சி, மொதல்ல அந்த மெஷின தூக்கி பரண்ல போடு. வெயிட்டு கடைசியாத்தான் எறங்கும், அதையே தெனம் பாத்தா மனசு விட்டுப்போகும், நடையும் நின்னுபோகும். மொத மாறுறது மூச்சு. நான் புனலூர்ல மரக்கடை வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்தப்ப பிரஷர் 150க்கு 96. மெயின் ரோட்ல கேரளா போற லாரி விடாம போவும், அதனால வயக்காட்டு ரோட்டுல சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சேன். கார்த்திகைக்கு பண்பொழி திருமலைக்கோயில் படியில ஏறுறேன், கூட வந்த சின்னப் பையலுவ மேல போய் நிக்கான், நான் பாதியில கைப்பிடிச் சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், நெஞ்சு அடிக்கது காதுல கேக்கு. தைப்பூசத்துக்கு அதே படி, மச்சினன்கூட பேசிக்கிட்டே ஏறிட்டேன், ஒரே ஒரு எடத்துலதான் நின்னேன், அதுவும் தண்ணி குடிக்க. அந்த ரெண்டு மாசத்துல வெயிட்டு ஒண்ணும் பெருசா எறங்கல பாத்துக்க. பிரஷர் 138 பக்கம் வந்துட்டு, மாத்திரயும் சாப்பிடுதேன், அத டாக்டர் சொல்லாம நிறுத்தக்கூடாது. நீ ஏதாவது ஒரு படிக்கட்ட வச்சு பாரு, மெஷின வச்சு பாக்காத.

கொழிஞ்சாம்பாறை பிசியோ:
அக்கா, நான் பாலக்காட்டுல பிசியோவா வேலை பாக்கறனுங்க, தெனமும் இதே கேள்விதான் வரும். ஒரு நாள் ஒரு தேதின்னு சொல்ல முடியாதுங்க, ஒடம்புல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு. சுகர் விஷயத்துல முதல் நாளே வேலை நடக்குதுங்க. நடக்கறப்போ தசை ரத்தத்துல இருக்கற சுகர உள்ள இழுத்துக்கும், அதுக்கப்புறமும் இன்சுலினுக்கு ஒடம்பு நல்லா பதில் சொல்லும், ஆனா அந்த பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், அப்புறம் போயிரும். அதனாலதான் சேந்தாப்புல ரெண்டு நாளுக்கு மேல விடாதீங்கன்னு நாங்க தலையால அடிச்சுக்கறது. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் நடந்துட்டு மத்த நாள் உக்காந்திருக்கறவங்களுக்கு சுகர் எறங்கலைன்னா அதுல ஆச்சரியமே இல்லீங்க.

மூச்சு வாங்கறது ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல நல்லாவே வித்தியாசம் தெரியும், அண்ணாச்சி சொன்னது சரி. பிரஷர் இருக்கறவங்களுக்கு ஒழுங்கா நடந்தா மேல் நம்பர் சராசரியா 5ல இருந்து 8 பாயிண்ட் வரை கொறையும். பலம் முதல் சில வாரத்துல கூடறது தசை வளந்து இல்லீங்க, இருக்கற தசைய நரம்பு நல்லா வேலை வாங்கப் பழகறதாலதான், கண்ணுக்கு தெரியற மாதிரி தசை வளர ரெண்டு மூணு மாசம் ஆயிரும். புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு தசையில கொஞ்சம் தண்ணி சேரும், உங்க அரைக்கிலோ அதுவா இருக்கலாம், பயப்படாதீங்க. வெயிட்டுக்கு பதிலா டேப் வச்சு தொப்புள் பக்கம் இடுப்பளவு எடுத்து எழுதி வைங்க. நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க, ஆம்பளைக்கு 90.

கம்பத்துக்காரன்:
நல்ல விளக்கம். ஆனா ஒண்ணு யாரும் வெளிப்படையா சொல்லல, நான் சொல்றேன். 71 கிலோ ஆளு அரைமணி நேரம் நடந்தா சுமாரா 120 கலோரி, வேகமா நடந்தா கொஞ்சம் கூட. ஒரு கிலோ கொழுப்பு கரைய கிட்டத்தட்ட 7,700 கலோரி வேணும். வகுத்துப் பாருங்க அக்கா, சாப்பாட்டுல கை வைக்காம நடையில மட்டும் ஒரு கிலோ எறங்க ரெண்டு மாசம் ஆகும். ஒரு புரோட்டா சால்னாவோட சாப்பிட்டா அன்னைக்கு நடந்தது போச்சு. எங்க ஊர்லயும் குமுளி ரோட்டுல காலையில கூட்டம் கூட்டமா நடக்குறாய்ங்க, நடந்து முடிச்சு நேரா டீக்கடையில வடைய வாங்கிட்டு உக்காந்துர்றாய்ங்க, அப்புறம் நடந்தும் எளைக்கலைன்னு சொல்றாய்ங்க.

உங்க அத்தை சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, அத தள்ளிராதீங்க. 1953ல ஜெர்ரி மோரிஸ்ங்கற டாக்டர் லண்டன் பஸ்ஸுல வேலை பாக்குறவங்கள வச்சு எழுதுனாரு, உக்காந்தே ஓட்டுற டிரைவர விட, மாடி பஸ்ஸுல நாளெல்லாம் படி ஏறி எறங்குற கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மின்னு. ஆக வேலைன்னாலும் மூச்சு வாங்குற வேலையா இருந்தா கணக்குல சேரும். எங்க திராட்சைத் தோட்டத்துல கூடை சுமக்குற அம்மாவுக்கு தனியா வாக்கிங் எதுக்கு? ஆனா உங்களுக்கு உக்காந்த வேலை, அதனால நடையும் வேணும், கடையில மணிக்கொரு தடவ எந்திரிச்சு நிக்கவும் வேணும்.

செங்கோட்டைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க சொன்னப்புறம்தான் யோசிச்சுப் பாத்தேன், கடை மாடியில ஸ்டாக் பாக்க ஏறுறப்ப முன்ன மாதிரி இரைக்கல, ராத்திரி படுத்த ஒடனே தூக்கம் வந்துருது, இத நான் பலன்னு நெனைக்கவே இல்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா இங்க விடாம தூறும், ரோட்டுல கால் வைக்க முடியாது, அப்ப என்ன பண்ண? இன்னொண்ணு, எறக்கத்துல நடந்தா வலது முட்டி லேசா வலிக்கு.

கொழிஞ்சாம்பாறை பிசியோ:
சாரலுக்கு நிறுத்திராதீங்க அக்கா, ரெண்டு மூணு வாரம் சும்மா இருந்தாலே மூச்சுத்தெம்பு கொறைய ஆரம்பிச்சிரும், பலம் கொஞ்சம் கூட நாள் தாங்கும். வீட்டுக்குள்ளயே சாப்பிட்டு முடிச்சதும் பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சுகருக்கு அது நல்லாவே வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம், கூடவே ரெண்டு நாளாவது தசைக்குன்னு தனிப் பயிற்சி, அத நம்மாளுக யாரும் செய்யறதில்லீங்க. ஜிம் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலி, நல்லா அசையாதது, செவுத்த ஒட்டிப் போட்டுக்கங்க. கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்திரிங்க, எறங்கறப்போ தொப்புன்னு விழாம மெதுவா உக்காருங்க, பத்து தடவ, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. தொடை பலமானா முட்டி வலி பாதி பேருக்கு தானா கொறையுது. வலி கூடுனாலோ வீங்குனாலோ நேர்ல காட்டுங்க. நடக்கற வேகம், பேச முடியணும் பாட முடியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இத படிக்கற வேற யாராவது இன்சுலினோ கிளிமிப்ரைடு மாதிரி சுகர் மாத்திரையோ எடுக்கறவங்களா இருந்தா வெறும் வயித்துல வேகமா நடக்காதீங்க, சுகர் திடீர்னு எறங்கிரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு பாக்கெட்ல சர்க்கரையோ மிட்டாயோ வச்சுக்கங்க.

அக்கா நீங்க அடுத்த டெஸ்ட்ட அவசரப்பட்டு இப்பவே எடுத்துராதீங்க. அந்த மூணு மாச சுகர் டெஸ்ட் பாக்கறது ரத்தத்துல சிவப்பணுல ஒட்டியிருக்கற சுகரைங்க, சிவப்பணுவோட ஆயுசு 120 நாள் பக்கம், அதனாலதான் அந்த நம்பர் மாற மூணு மாசம் ஆகுது. அதே லேப்ல எடுங்க, ரத்தசோகை இருந்தா நம்பர் தப்பா காட்டும், அதனால ஹீமோகுளோபினும் சேத்து பாத்துட்டு இங்க வந்து போடுங்க.

புளியரை அண்ணாச்சி:
டெஸ்ட் ரிசல்ட்டு வந்ததும் எழுது தங்கச்சி. அத்தையையும் கூட கூட்டிட்டு நட, அவங்களுக்கும் நல்லதுதான்.