முன்பள்ளிக் கூரைக் கணக்கும் தேர்தல் நேரத்து அந்தப் படமும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை லண்டன் அண்ணை எழுதிய மடலில், மாகாண சபைத் தேர்தல் கதை அடிபடத் தொடங்கிவிட்டது, இனி இந்தக் குழுவில் அரசியலே பேச வேண்டாம் என்று கேட்டிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் கதவைச் சாத்துவதற்கு முதல், 2025 மே மாதம் இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்த நேரம் எங்களுக்குள் என்ன நடந்தது என்பதை ஒருதரம் எழுத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அந்தத் தேர்தலுக்கு ஊர் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 பெப்ரவரி 10க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2023 மார்ச் 9 என்று திகதி குறித்து, வேட்புமனுவும் எடுத்து, கடைசியில் காசில்லை என்று நிறுத்தினார்கள். அந்த மாதமே பழைய சபைகளின் காலமும் முடிந்து, அதிகாரிகள் கையில் பிரதேச சபைகள் போயின. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. இப்படி இழுபட்டு ஏழு வருசம் கழித்து 2025 மே 6, செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு வந்தது.

எங்கள் வட்டாரத்தில் நின்றவர்களில் ஒருவர் முன்பள்ளி ரீச்சர். பெயர் எழுதத் தேவையில்லை. எங்களில் பாதிப்பேரின் மருமக்கள் அவரிடம்தான் 'அ'னா எழுதப் பழகினார்கள். மே 2, வெள்ளிக்கிழமை, அவருடைய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, கையில் ஒரு தடித்த கடிதவுறை. கீழே பெரிய எழுத்தில், வெளிநாட்டு உறவுகள் முன்பள்ளிக் கூரைக்கு அனுப்பிய காசு எங்கே என்று ஒரு கேள்வி. கேட்டது யார் என்று பெயர் இல்லை. அன்று இரவே அதை வைத்து ஒரு குரல் பதிவு. அதில் கூரைக் காசோடு நிற்கவில்லை, அவருடைய குடும்பம், அவர் யாரோடு மோட்டார் சைக்கிளில் போனவர் என்பது வரைக்கும் போனது. அதை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.

அந்தப் படத்தை நானும் அனுப்பினேன். மூன்று குழுக்களுக்கு. "இது உண்மையா?" என்று கேட்டுத்தான் அனுப்பினேன். கேள்வியோடு அனுப்பினாலும் படம் படம்தான், பார்த்தவர்கள் கேள்வியை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் அடுத்தவருக்குத் தள்ளினார்கள்.

சனிக்கிழமை சிட்னியில் இருந்து, கூரைக்குக் காசு அனுப்பிய எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொருளாளர் அண்ணை எல்லாப் பற்றுச்சீட்டையும் நிர்வாக சபைக்கு அனுப்பிவைத்தார். கைமரம், சலாகை, ஓடு, தச்சன் கூலி, லொறிக் கூலி. ஒவ்வொன்றும் தனித்தனியாக, திகதியோடு. காசு ரீச்சரின் கைக்கே போகவில்லை. ஊர்க் கட்டடக் குழுவின் வங்கிக் கணக்குக்கு நேரே போயிருக்கிறது. ரீச்சர் செய்த ஒரே வேலை, மழைக்கு ஒழுகுகிறது என்று எங்களுக்கு எழுதியது. ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, அந்தப் படம் தன் மச்சாளின் கலியாண வீட்டு அல்பத்தில் இருப்பது, ஐந்து பேர் நிற்கும் படத்தில் நாலு பேரை வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாள். கையில் இருந்தது பொம்பிளை மாப்பிள்ளைக்குக் கொடுக்கக் கொண்டுபோன அன்பளிப்பு.

ஆக, சனிக்கிழமை மத்தியானம் உண்மை முழுவதும் எங்கள் கையில் இருந்தது. உலகத்திலேயே எங்களிடம் மட்டும்தான் இருந்தது என்றும் சொல்லலாம். ஏனென்றால் அது எங்கள் காசு, எங்கள் கணக்கு.

நாங்கள் என்ன செய்தோம்? திங்கள் வரை கதைத்தோம். சங்கம் வாய் திறந்தால் ஒரு கட்சிக்குப் பக்கம் எடுத்ததாகிவிடும் என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். தேர்தல் முடியட்டும், பிறகு அறிக்கை விடலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஊரில் வாக்களிப்புத் தொடங்கும்போது மொன்றியலில் திங்கள் இரவு ஒன்பதரை. நாங்கள் அப்போதும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் தோற்றார். அந்தப் படத்தால்தான் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை, அதை யாராலும் அளக்க முடியாது. பிறகு ஜூன் மாதம் ஒருநாள் அவரோடு கதைத்தேன். "அண்ணை, தோத்தது பரவாயில்லை. பிள்ளையளைக் கூட்டிவாற தாய்மார் வாசலில நிண்டு கூரையை அண்ணாந்து பாத்திட்டு என்ரை முகத்தைப் பாக்கினம்" என்றார். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தமுறை ஏன் இவ்வளவு மோசமாகப் போனது என்று யோசித்துப் பார்த்தேன். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அதற்குப் பிறகு தமிழ்க் கட்சிகளுக்கு இது விட்டதைப் பிடிக்கிற தேர்தல், மற்றப் பக்கத்துக்குப் பிடித்ததைக் காக்கிற தேர்தல். ஒழுங்கைக்குத் தார் போடுவது, தெருவிளக்கு, வெள்ள வாய்க்கால், சந்தை, மயானம், குப்பை, நூலகம் என்று பிரதேச சபை பார்க்க வேண்டிய வேலைகளைப் பற்றி நான் கேட்ட கதை மிகக் குறைவு. துரோகி, விலைபோனவர், வெளிநாட்டுக் காசில் ஆடுபவர் என்ற சொற்கள்தான் பறந்தன. எந்தப் பக்கமும் இதில் சுத்தமில்லை. உறுப்பினர்களில் 60 வீதம் பேர் வட்டாரத்தில் நேரடியாகத் தெரிவாகும் முறையில், சின்ன வட்டாரத்தில் சில குடும்பங்கள் மனம் மாறினாலே முடிவு மாறிவிடும். அதனால் மறுபக்கத்து ஆளின் பெயரை அந்த வீடுகளுக்குள் கெடுத்துவிட்டால் போதும்.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. 25 வீத ஒதுக்கீடு 2018இல் முதல்முதலாக நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. ஒதுக்கீடு வந்தபிறகுதான் ரீச்சர் போன்றவர்கள் துணிந்து பெயர் கொடுக்கிறார்கள். ஆண் வேட்பாளரைத் திட்டுகிறவர்கள் அவருடைய கட்சியைத் திட்டுகிறார்கள். பெண் என்றால் அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகிறார்கள். அந்தக் குரல் பதிவைக் கேட்ட எங்கள் சித்தியின் மகள், "இனி எங்கட வீட்டில ஒருத்தியையும் நிக்க விடமாட்டம்" என்றாள்.

இதில் எங்கள் பங்கை மறைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாக்குப் போட இலங்கையில் வழி இல்லை. வாக்கு இல்லாத நாங்கள்தான் ஆகக் கூடுதலாகப் பரப்பினோம். பிரச்சாரம் மே 3 நள்ளிரவோடு முடிந்தது, பிறகு இரண்டு நாள் ஊரில் அமைதிக் காலம். ஒலிபெருக்கி ஓய்ந்தது, துண்டுப் பிரசுரம் நின்றது. எங்கள் தொலைபேசிகள் நிற்கவில்லை. உள்ளூராட்சித் தேர்தல்கள் கட்டளைச் சட்டம் 1946இல் வந்தது. சுவரொட்டிக் காலத்துச் சட்டம் ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் இருக்கிற கைபேசியை என்ன செய்யும்? ஊர்ச் செய்தி என்று ஓடுகிற சில யூரியூப் சனல்களையும் நாங்கள்தான் வாழவைக்கிறோம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து பார்க்கிறவருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு, ஊரில் இருந்து பார்க்கிறவருடையதைவிடக் கூடக் காசு கிடைக்கும். ரீச்சரைப் பற்றிய கதையை வீடியோவாகப் போட்டவருக்கு அது தெரியும்.

சட்டத்துக்குப் போகலாமே என்று சுவிஸ் தம்பி கேட்டிருந்தார். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. அது நல்லதுதான், அதை வைத்துப் பத்திரிகைக்காரரைத்தான் வதைத்தார்கள். சிவில் வழக்குப் போடலாம், வருசக்கணக்கில் இழுக்கும், முன்பள்ளிச் சம்பளத்தில் யார் போடுவது? இணையத்தில் பொய் பரப்புவதைத் தடுக்க என்று 2024இல் வந்த இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் எதிர்க்கருத்தை அடக்கத்தான் உதவும் என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

அதனால்தான் லண்டன் அண்ணையின் யோசனையை நான் ஏற்கவில்லை. அரசியல் பேசாமல் இருந்தால் அடுத்தமுறையும் இதே மௌனம்தான் வரும். வேட்பாளரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். முந்திய சபையில் இருந்தவர் எத்தனை கூட்டத்துக்குப் போனார், பெரிய ஒழுங்கை ஒப்பந்தம் யாருக்கு எப்படிப் போனது, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று எவ்வளவு கடுமையாகவும் கேளுங்கள், நானும் கேட்பேன். பெயர் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கும் இடம் விடுங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். கூரைக் கணக்கை, பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு, தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்து முன்பள்ளிச் சுவரிலும் வாசிகசாலைப் பலகையிலும் ஒட்ட வேண்டும். தாய்மார் கூரையைப் பார்க்கும்போது அதையும் பார்க்கட்டும். ரீச்சருக்கு நிர்வாக சபை முழுவதும் பெயர் போட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், பிந்தியதற்கு மன்னிப்பும் அதில் இருக்க வேண்டும். இனி சங்கத்தின் காசைப் பற்றி யார்மீது கதை கட்டினாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், கணக்கை 24 மணித்தியாலத்துக்குள் வெளியே வைப்பது என்று சங்கத்தின் யாப்பில், அதாவது விதிகளில், ஒரு வரி சேர்க்கலாம். வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அடுத்தது எப்போது வந்தாலும் இந்த வரி அதற்கு முதல் இருக்கட்டும். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள், தனியாக எனக்கு வேண்டாம்.

படத்தை அனுப்பியவர்கள் அனுப்பிய அதே குழுக்களில் திருத்தத்தையும் போட வேண்டும். நேற்று நான் அந்த மூன்று குழுக்களிலும் போட்டேன். இரண்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவதில் ஒரு மாமி, "அந்த முழுப் படத்தையும் போடு தம்பி, பாப்பம்" என்றார். ஸ்காபரோத் தங்கச்சி, அல்பத்தில் இருக்கிற மற்ற நாலு பேரிடமும் கேட்டுவிட்டு, வெட்டாத படத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள். மாமி காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
மொன்றியலில் இருந்து உங்கள் நிர்வாக சபை உறுப்பினர்