பூட்டிய வீட்டில் 312 யூனிட்

மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் 2023 ஜனவரியில் நியூஜெர்சி சென்றோம். ஆறு மாதப் பயணம். கும்பகோணத்து வீட்டில் மீட்டர் கணக்கெடுத்துச் சென்ற மறுநாள்தான் கிளம்பினோம். விளக்குகளை அணைத்து, சிலிண்டரை மூடி, சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். பூட்டிய வீட்டுக்கு இதற்கு மேல் என்ன செலவு வரப்போகிறது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மார்ச் மாதம் என் கணவர் இணையத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு 312 யூனிட். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தபோதுகூட 250ஐத் தாண்டியதில்லை. "மீட்டர் பழுதாகியிருக்கும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிரவே அக்காவை அழைத்தேன்.

"டீச்சர், ராத்திரி வேளையில் உங்கள் மோட்டார் ஓடும் சத்தம் தினமும் கேட்கிறதே! தண்ணீர் ஏற்ற யாரையோ ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார் அவர்.

யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஒரு கருவி பொருத்தியிருந்தோம். மாடிக் கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியில் மிதவை பழுதாகி, தண்ணீர் நிற்காமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டி காலியாகும், மோட்டார் நிரப்பும், மறுபடியும் காலியாகும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் மூன்று மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஆகிவிடும். பணத்தை விடுங்கள். இரண்டு மாதமாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இரவும் பகலும் சாக்கடைக்குப் போயிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று எனக்குத் தூக்கமே இல்லை.

அக்கா மாடிக்குப் போய்க் கழிவறைக் குழாயின் வால்வை மூடினார், மோட்டாரின் சுவிட்சையும் அணைத்தார். பிறகு நான் கேட்டுக்கொண்டபடி காலை ஆறு மணிக்கு ஒன்றும் மறுநாள் அதே நேரத்துக்கு ஒன்றுமாக மீட்டரைப் படமெடுத்து அனுப்பினார். ஒரு நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத வீட்டில் அதுவும் அதிகம்தானே?

தேடினோம். ஃபிரிட்ஜை அணைக்கவே இல்லை. ஒரு ஜாடி மாவடுவும் இரண்டு டப்பா குழம்புப் பொடியும் கெட்டுவிடக் கூடாது என்று நான்தான் ஓடவிட்டுப் போயிருந்தேன். அதற்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். தொலைக்காட்சியை ரிமோட்டில் மட்டுமே அணைத்திருந்தோம், செட்டாப் பாக்ஸும் மோடமும் உயிரோடு இருந்தன. பத்து வாட் என்றால் சிறியதாகத் தெரிகிறது. இருபத்து நான்கு மணி நேரம், அறுபது நாள் என்று பெருக்கிப் பாருங்கள், 14 யூனிட்டுக்கு மேல் வருகிறது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குச் சும்மா இருந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தது.

இன்வெர்ட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திருச்சியில் இருக்கும் என் நாத்தனார் நான்கு மாதம் வெளியூர் போனபோது, செலவே வேண்டாம் என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போனார். இன்வெர்ட்டருக்கு அது மின்வெட்டு. கூடத்தில் மறந்துபோய் எரியவிட்ட ஒரு விளக்குக்கு அது பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது, பேட்டரி முற்றிலும் தீரும்வரை. ஈய அமில பேட்டரி காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். திரும்பி வந்தபோது அது சார்ஜ் ஏறவே இல்லை. மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், புது பேட்டரிக்குக் கொடுத்தது பதினைந்தாயிரத்துக்கு மேல். முதலில் இன்வெர்ட்டரை அணைக்க வேண்டும், மெயினில் கைவைப்பது அதன் பிறகுதான்.

போன ஆண்டு மறுபடியும் ஆறு மாதம் போனோம். இம்முறை எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கிளம்புவதற்கு முதல் நாளே வரவழைத்தேன். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுவதும் சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி வைத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் சார்ஜ் போட்டுக் கழற்றினார், அதற்கான கூலியை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தோம். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மாவடு அக்கா வீட்டுக்குப் போனது. மோட்டாருக்கும் கீசருக்கும் உரிய சுவிட்சுகளை இறக்கி, தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வையும் மூடினோம்.

வாசல் விளக்கையும் ஒரு கேமராவையும் மோடத்தையும் மட்டும் விட்டுவைத்தோம். இரண்டு மாதக் கணக்குகள் மூன்றும் 25, 24, 27 என்று வந்தன. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2022 முதல் வீடுகளுக்கு நிலைக்கட்டணமும் இல்லை. ஆகவே கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நான் தொகையைப் பார்க்கவில்லை, யூனிட்டைத்தான் பார்த்தேன். 27 ஐம்பதாகியிருந்தால் அன்றே அக்காவை அழைத்திருப்பேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள். எங்கள் மீட்டர் திண்ணைச் சுவரில் இருப்பதால் கணக்கெடுப்பவருக்குச் சிரமம் இல்லை. என் தோழி வீட்டில் அது பூட்டிய கேட்டுக்குள் இருக்கிறது. வீடு பூட்டியிருக்கிறது என்று குறித்து, முந்தைய கோடைக் கணக்கை வைத்தே தொகை போட்டார்கள். பிறகு அளவெடுத்ததும் சரிசெய்யப்படுகிறது, ஆனால் அதுவரை கைப்பணம் போகிறது. கேட் சாவி யாரிடமாவது இருக்க வேண்டும். அடுத்தது பணம் கட்டுவது. ரோமிங் இல்லாத சிம்மில் வெளிநாட்டில் ஓடிபி வராது. 2023இல் கடைசி நாள் நெருங்கியபோது என் கொழுந்தனார்தான் கும்பகோணத்தில் போய்க் கட்டினார். இப்போது ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டே கிளம்புகிறோம்.

இந்த வாரம் எதிர்வீட்டு அக்கா மூன்று மாதத்துக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போயிருக்கிறார். அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. இன்று காலை ஆறு மணிக்கு முதல் படம் எடுத்து அனுப்பிவிட்டேன், நாளை அதே நேரத்துக்கு இரண்டாவது.