மைலேஜ் விழுந்துவிட்டது, ஃபியூயல் ட்ரிம் மைனஸிலேயே நிற்கிறது: இன்ஜெக்டர்தானா?

மூன்றாவது கியர்

வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர், டர்போ கிடையாது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தாராளமாகக் கொடுத்த வண்டி, சில மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இப்போது 12-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. டேஷ்போர்டில் காட்டும் கணக்கு இல்லை, டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. இழுவையில் குறை சொல்ல முடியாது. ஐடிலில் நிற்கும்போது சைலன்சர் பக்கம் போனால் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது, அவ்வளவுதான்.

வொர்க்‌ஷாப்பில் முதலில் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். அப்புறம் ஆக்சிஜன் சென்சார். எதற்கும் அசைவில்லை. இப்போது இன்ஜெக்டர் நான்கையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அதற்குத் தலையாட்டும் முன் வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை வாங்கி மாட்டிப் பார்த்தேன் (ட்ரிம் என்பது பெட்ரோல் அளவில் அந்தக் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம், சதவீதத்தில்):

ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் −13, ஷார்ட் டெர்ம் −2க்கும் −5க்கும் நடுவே.
2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் லாங் டெர்ம் −5, ஷார்ட் டெர்ம் ஏறக்குறைய 0.
80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது லாங் டெர்ம் −3.
மேப் சென்சார் (இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தம்): சாவி மட்டும் போட்டால் 100 கேபிஏ, ஐடிலில் 33.
முன் ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.8 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது.

மைனஸ் என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று படித்தேன். அப்படியானால் இன்ஜெக்டர் என்று அவர்கள் சொல்வது சரிதானா?

ஸ்பேர் வீல்

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். எல்லாருக்கும் மைலேஜ் விழுந்திருக்கிறது. வண்டியைப் போட்டு நோண்டாதீர்கள்.

வெர்னியர்

எத்தனால் இல்லை. கலப்பு கூடினால் மைலேஜ் கொஞ்சம் குறைவது உண்மை, ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். காற்றுக்கும் எரிபொருளுக்குமான எடை விகிதம் சுத்தப் பெட்ரோலுக்கு 14.7க்கு 1 என்றால் 10 சதவீதக் கலப்புக்கு 14.1க்கு 1. ஆகவே அது ட்ரிம்மை ப்ளஸ் பக்கம் தள்ளும். இவருக்கு மைனஸ்.

நண்பரே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ட்ரிம் மைனஸ் என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. கூடுதலாக வந்ததைப் பார்த்து ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஏற்கெனவே குறைத்துவிட்டது என்று அர்த்தம். ஷார்ட் டெர்ம் அந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் அது பழகி நினைவில் வைத்துக்கொண்ட திருத்தம், இரண்டையும் கூட்டித்தான் படிக்க வேண்டும். உங்கள் ஐடில் மொத்தம் −15 முதல் −18 வரை. ±5 நல்லது, ±10 வரை பொறுக்கலாம், அதைத் தாண்டினால் தேட வேண்டும். பல வண்டிகளில் 20, 25 பக்கம் போய் அங்கேயே நின்றால்தான் பி0172 (கலவையில் பெட்ரோல் அதிகம் என்ற கோட்) விழும், அதனால் விளக்கு எரியாததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

இப்போது கேள்வி இதுதான்: சீராக ஓடும்போது ட்ரிம் −3, ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக ஆடுகிறது, அதாவது கலவை சரியாக இருக்கிறது. அப்படியிருக்க லிட்டருக்கு 4 கிலோமீட்டர் எங்கே போனது? ட்ரிம்மை மட்டும் வைத்து அந்த இழப்பை விளக்க முடியாது. ட்ரிம்மையும் மைலேஜையும் சேர்த்துக் கெடுக்கும் வேறொன்று பின்னால் இருக்கிறது, அல்லது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

அடுத்து எண்களின் போக்கைப் பாருங்கள். ஐடிலில் மோசம், வேகம் ஏற ஏறச் சரியாகிறது. எரிபொருள் பிரஷர் அதிகம் என்றாலோ மேப் சென்சார் தப்பாகக் காட்டினாலோ பெரும்பாலும் எல்லா வேகத்திலும் மைனஸ் தெரியும். மேப்பின் 100, 33 இரண்டும் ஆரோக்கியமான எண்கள், அதை விட்டுவிடலாம். உங்கள் போக்கு வேறு மாதிரி: எங்கிருந்தோ சிறிய அளவு பெட்ரோல் ஆவி ஈசியூவின் கணக்கில் வராமல் உள்ளே நுழைகிறது. ஒரு சிட்டிகை உப்பு ஒரு டம்ளர் தண்ணீரில் கரிக்கும், குடத்தில் தெரியாது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று டம்ளர் அளவு.

அப்படி நுழைய வழிகள் மூன்று. டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது, ஏதாவது ஒரு இன்ஜெக்டர் சொட்டுவது, ஆயிலில் பெட்ரோல் கலந்து அதன் ஆவி பிசிவி (ஆயில் அறையின் ஆவியை உறிஞ்சும் அமைப்பு) வழியாக மேனிஃபோல்டுக்குத் திரும்புவது. ஸ்கேனரை ஐடிலில் ஓடவிட்டு, பர்ஜ் வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயை இறுக்கிப் பிடியுங்கள். ட்ரிம் மேலே வந்தால் அதுதான். வரவில்லையென்றால் பிசிவி குழாயை மேனிஃபோல்டு பக்கம் கழற்றி, மேனிஃபோல்டு துளையை அடைத்துவிட்டுச் சிறிது நேரம் பாருங்கள். கழற்றிய குழாய் திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் தீப்பொறி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தும் பாருங்கள். அப்புறம் கூலண்ட் வெப்பநிலை எவ்வளவு? அதை நீங்கள் எழுதவே இல்லை, நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஹேண்ட் பிரேக்

வெர்னியர் சொல்வதோடு இதையும் பாருங்கள். சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றும் பாருங்கள். ட்ரிம்மைத் துரத்திக்கொண்டு போய் இந்த இரண்டைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

மூன்றாவது கியர்

இருவருக்கும் நன்றி. சக்கரம் எதுவும் சூடாக இல்லை, டயரில் காற்று சரியாக இருக்கிறது. பர்ஜ் குழாயைப் பிடித்தேன், எண் அசையவில்லை. பிசிவியைக் கழற்றி அடைத்ததும் ஷார்ட் டெர்ம் மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் மொத்தம் −4க்கு வந்தது! டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு நக அளவு உயரத்தில் நிற்கிறது. நான் நடுவில் ஆயில் ஊற்றவே இல்லை. துணியில் தொட்டால் தண்ணீராக ஓடுகிறது, பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது.

கூலண்ட் டவுனுக்குள் 70 முதல் 75, நல்ல ரோட்டில் வேகமாகப் போனால் 65க்கு இறங்குகிறது. ட்ராஃபிக்கில் நின்றால்தான் 80ஐ எட்டுகிறது. என் வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது, குளிர்ந்த இன்ஜினுக்கான நீல விளக்கு மட்டும்தான். அது சீக்கிரமே அணைந்துவிடுவதால் நான் சந்தேகப்படவில்லை. தினமும் ஓடுவது பெரும்பாலும் குறைந்த தூரம்தான்.

வெர்னியர்

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். வேகமாக ஓடும்போது கூலண்ட் இறங்குவது தெர்மோஸ்டாட் மூடவில்லை என்பதன் அடையாளம். சாதாரணமாக அது 82 முதல் 88 டிகிரிக்குள்தான் திறக்க ஆரம்பிக்கும், அதுவரை கூலண்ட் ரேடியேட்டர் பக்கம் போகக் கூடாது. உங்களுடையதில் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே ரேடியேட்டருக்குப் போகிறது.

இனி சங்கிலியைப் பாருங்கள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியூ நினைப்பதால் வார்ம்-அப் நேரத்துக்கான கூடுதல் பெட்ரோல் நீண்ட நேரம் தொடர்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோலை முழுக்க நிறுத்தும் வேலையைப் பல வண்டிகளில் இன்ஜின் போதிய சூடு அடைந்த பிறகே செய்யும், அதுவும் தள்ளிப்போகிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து உராய்வு கூடுகிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் ஒட்டி, ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. குறைந்த தூர ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோலை வெளியேற்ற வாய்ப்பே கிடைப்பதில்லை, அதனால் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்ததன் ஆவிதான் பிசிவி வழியாகத் திரும்பி வந்து உங்கள் −13. மைலேஜ் ஒரே நாளில் விழாமல் மெல்ல இறங்கியதற்கும் இது பொருந்துகிறது.

உறுதிப்படுத்த ஸ்கேனர்கூட வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேனிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் குழாய் நெடுநேரம் சில்லென்று இருந்து ஒரு கட்டத்தில் திடீரென்று சுடும். உங்களுடையது ஆரம்பத்திலிருந்தே இளஞ்சூடாகிக்கொண்டு வரும். ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் சென்சாரும் உள்வரும் காற்றின் சென்சாரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்றும் பாருங்கள், கூலண்ட் சென்சாரே பொய் சொல்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இப்படிக் குளிர்ந்தே ஓடினால் பி0128 என்ற கோட் வர வேண்டும், ஆனால் அந்தச் சோதனை எல்லா வண்டியின் ஈசியூவிலும் இருப்பதில்லை.

நாலு சிலிண்டர்

ஒரு மாற்றுக் கருத்து. ஆயிலில் இவ்வளவு பெட்ரோல் இறங்கத் தெர்மோஸ்டாட் மட்டும் போதுமா என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. சொட்டும் இன்ஜெக்டரும் இதே வேலையைச் செய்யும், வொர்க்‌ஷாப்பில் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வண்டியை நிறுத்தியபின் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃபியூயல் ரெயிலில் பிரஷர் தாங்குகிறதா என்று கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று விழுந்தால் சொட்டு இருக்கலாம், பம்பில் உள்ள செக் வால்வாகவும் இருக்கலாம். பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கரியாக, ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர். நான்கும் ஒரே நிறம் என்றால் வெர்னியர் சொல்வதுதான். எப்படியிருந்தாலும் நான்கையும் ஒன்றாக மாற்றத் தேவையில்லை.

வெர்னியர்

நியாயமான சந்தேகம். பிளக்கைப் பார்ப்பது நல்ல யோசனை, செலவும் இல்லை. ஆனால் 65 டிகிரியில் ஓடும் வண்டியில் தெர்மோஸ்டாட்டை எப்படியும் சரி செய்தாக வேண்டும், அதனால் அங்கே தொடங்கலாம்.

ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னும். மைலேஜ் நஷ்டத்தைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆயில் மாற்றாமல் தெர்மோஸ்டாட் மட்டும் போட்டால், சூடான ஆயிலிலிருந்து ஆவி இன்னும் வேகமாகக் கிளம்பி ட்ரிம் சில நாள் மேலும் மைனஸில் போகும், பார்த்துக் குழம்பிவிடுவீர்கள். பேட்டரியைக் கழற்றி ட்ரிம்மை அழிக்கவும் வேண்டாம். ஓட்ட ஓட்ட அதுவே புதிதாகக் கற்றுக்கொள்ளும், அது எப்படி நகர்கிறது என்பதே நமக்குச் செய்தி.

மூன்றாவது கியர்

பிளக் நான்கும் ஒரே கருமை, ஈரம் இல்லை. காலையில் மேல் குழாய் நீங்கள் சொன்னபடியே ஆரம்பத்திலிருந்து இளஞ்சூடாக வந்தது. சரி என்று வேறொரு மெக்கானிக்கிடம் ஹவுசிங்கைக் கழற்றச் சொன்னால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! இதற்கு முன் வாட்டர் பம்ப் வேலைக்கு விட்டபோது யாரோ எடுத்துவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டு மூடியிருக்கிறார்கள். பில்லில் ஒரு வார்த்தை இல்லை. மைலேஜ் இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று இப்போது உறைக்கிறது.

புதிய தெர்மோஸ்டாட் போட்டு, கூலண்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. கூலண்ட் 88 முதல் 92க்குள் நிற்கிறது, ஐடில் ட்ரிம் மொத்தம் −4. மைலேஜ் கணக்கு டேங்க் தீர்ந்தபின்தான் சொல்ல முடியும்.

ஹேண்ட் பிரேக்

வண்டி சூடாகாமல் இருந்தால் நல்லது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் செய்துவிட்டு அதையே ஒரு உதவியாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் காலத்திலேயே அது தப்பு, கூலண்ட் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் வண்டியில் கேட்கவே வேண்டாம்.

நாலு சிலிண்டர்

மகிழ்ச்சி. வண்டி சமதளத்தில் ஆறி நிற்கும்போது டிப்ஸ்டிக்கில் இப்போதைய அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் அது மறுபடி ஏறினால் மட்டும் வாருங்கள், அப்போது இன்ஜெக்டரைப் பேசலாம்.