குவார்க் கலவையா, கலப்பா, மயக்கமா?

வணக்கம்.

> நம் இயற்பியல் நூலில் மெல்விசைச் சிதைவு (weak decay) பற்றிய பகுதிக்கு, ஆங்கிலத்தின் ‘quark mixing’, ‘mixing angle’, ‘mixing matrix’ ஆகியவற்றை ‘குவார்க் கலவை’, ‘கலவைக் கோணம்’, ‘கலவை அணி’ என்று வைத்துக்கொள்ளலாமா? எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கலவை என்றதும் சிமெண்டும் மணலும்தான் கண்ணில் நிற்கும்: ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஆறு. கலவையில் எதைப் போட்டாலும் கூடத்தான் செய்யும். கழித்தல் குறிக்கு அங்கே இடமில்லை.

இயற்பியலாளர் கபிப்போ 1963இல் சொன்னதை இன்றைய குவார்க் மொழியில் எழுதிப் பாருங்கள். (புரோட்டான் போன்ற துகள்களின் உட்கூறுகளே குவார்க்குகள்; அப், டவுன், சார்ம், ஸ்ட்ரேஞ்ச், டாப், பாட்டம் என ஆறு வகை.) மெல்விசையில் அப் குவார்க்கோடு சோடி சேர்வது வெறும் டவுன் அல்ல. டவுன் 0.974 வீச்சிலும் (amplitude, இதன் வர்க்கமே நிகழ்தகவு) ஸ்ட்ரேஞ்ச் 0.225 வீச்சிலும் சேர்ந்த ஒரு நிலை. இந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 1 வராது; வர்க்கங்களைக் கூட்டினால்தான் வரும் (0.949 + 0.051). ஏனென்றால் இவை 13 பாகைக் கோணத்தின் கோசைனும் சைனும். சார்ம் குவார்க்கின் சோடியில் அதே எண்கள் இடம் மாறி வரும், டவுனுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. கிளாஷோ, இலியோபூலோஸ், மயானி மூவரும் 1970இல் சார்ம் இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டது அந்தக் கழித்தல் குறியின் பலத்தில்தான். மின்சுமையற்ற நெட்டாயுள் கேயான் (ஸ்ட்ரேஞ்ச் உள்ள மேசான்; மேசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) இரண்டு மியூவான்களாகச் (எலெக்ட்ரானின் கனத்த உறவுகளாக) சிதைவது 100 கோடியில் சுமார் 7 முறைதான். அப் வழியே வரும் வீச்சையும் சார்ம் வழியே வரும் வீச்சையும் எதிரெதிரே நிறுத்தினால்தான் இவ்வளவு அருமை விளங்கும். நான்கு ஆண்டு கழித்து, 1974 நவம்பரில், சார்ம் கிடைத்தது. கலவை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த எதிர்நிறுத்தலை எப்படி விளக்குவது?

இன்னொரு விபத்தும் உண்டு. ‘5 விழுக்காடு ஸ்ட்ரேஞ்ச் கலவை’ என்று படித்த மாணவர், அப், டவுன் வகைகள் மட்டுமே உள்ள மேசானான பையானுக்குள் 5 விழுக்காடு ஸ்ட்ரேஞ்ச் கிடக்கிறது என்று நினைப்பார். அல்லது நேரே வீதங்களை ஒப்பிடப் போவார். நேர்மின் பையானின் சராசரி ஆயுள் 26.0 நானோ வினாடி. அது ஏறத்தாழ முழுக்க முழுக்க மியூவானும் நியூட்ரினோவுமாகவே போகிறது, அதாவது வினாடிக்கு 3.84 கோடி என்ற வீதம். நேர்மின் கேயானுக்கு ஆயுள் 12.4 நானோ வினாடி, அதே வழியில் போவது 63.6 விழுக்காடு, வீதம் 5.13 கோடி. பத்தொன்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டியது 1.34 மடங்காக நிற்கிறதே என்று மாணவர் திகைப்பார்.

காரணம் நிறைதான். வீதம், மேசானின் நிறையை ஓர் அடைப்பின் வர்க்கத்தால் பெருக்கியதற்கு நேர்விகிதம். அடைப்புக்குள் இருப்பது: 1 கழித்தல், மியூவான் நிறை வர்க்கத்தை மேசான் நிறை வர்க்கத்தால் வகுத்தது. நிறைகள் 493.7, 139.6, 105.7 மெகா எலெக்ட்ரான் வோல்ட். கேயானுக்கு அடைப்பு 0.954, பையானுக்கு வெறும் 0.427. போட்டுப் பார்த்தால் நிறைக்காரணி மட்டுமே கேயானுக்கு 17.7 மடங்கு சாதகம். 1.34ஐ 17.7ஆல் வகுத்து, சிதைவு மாறிலிகளின் (மேசானுக்குள் குவார்க்குகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பைக் குறிக்கும் எண்களின்) விகிதம் 1.19இன் வர்க்கத்தாலும் வகுத்தால் 0.053. வர்க்கமூலம் 0.231. அதுதான் 13 பாகையின் டேன்ஜென்ட். அடைப்பை வர்க்கப்படுத்த மறந்தால் கோணம் 19 பாகை என்று வந்து நிற்கும். விடைத்தாளில் அடிக்கடி காணும் பிழை. நம் நூலில் இந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும்.

ஆக, பெயர் ஒரு திருப்பத்தை, அச்சுகள் சாய்ந்திருப்பதைச் சொல்ல வேண்டும். ‘கலப்பு’ பரவாயில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பள்ளிப் பாடத்தில் கலப்பெண் (complex number) என்பது வேறு பொருளில் ஊறிப்போன சொல். மூன்று தலைமுறைக்குப் (அப்–டவுன், சார்ம்–ஸ்ட்ரேஞ்ச், டாப்–பாட்டம் என்ற மூன்று குவார்க் சோடிகளுக்குப்) போனால் நீக்க முடியாத ஒரு கட்டக் கோணம் (phase) அணிக்குள் வந்துவிடுகிறது. 1973இல் கோபயாஷியும் மஸ்காவாவும் காட்டியது அதுதான். அப்போது ‘கலப்பு அணியின் உறுப்புகள் கலப்பெண்கள்’ என்று எழுத வேண்டி வரும். சேர்த்து எழுதினால் ‘கலப்பணி’, கேட்கவே வேண்டாம். வேதியியல்காரர்கள் வேறு ‘இனக்கலப்பு’ (hybridization) என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை ‘மயக்கம்’. குவார்க் மயக்கம், மயக்கக் கோணம், மயக்க அணி. திணைமயக்கம் என்று சொல்லும்போது குறிஞ்சி நிலமும் மருத நிலமும் குழைந்து ஒன்றாகிவிடுவதில்லை. நிலம் நிலமாகவே இருக்கும், ஒன்றின் ஒழுக்கம் மற்றொன்றில் வரும். இங்கும் டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மூன்றும் தத்தம் நிறையோடு தனித்தனியாகவே இருக்கின்றன. மெல்விசை ஒழுக்கம் மட்டும் தலைமுறை தாண்டுகிறது.

——

வணக்கம் ஐயா.

நல்ல விளக்கம். இலங்கையில் கற்பிப்பவர்கள் சார்பில் மூன்று சங்கடங்களைச் சொல்ல வேண்டும்.

கலப்பெண் எங்களுக்குச் சிக்கலெண். அணி எங்களுக்குத் தாயம். எனவே ‘கலப்புத் தாயம்’ என்றால் எங்கள் மாணவருக்கு ஒரு குழப்பமும் வராது. நீங்கள் சொன்ன இடையூறு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது.

இரண்டாவது, ‘நிறை’. அது எங்களுக்குப் புவி இழுக்கும் விசை. நீங்கள் சொல்லும் நிறை எங்களுக்குத் திணிவு. ‘நிறைநிலை’ என்று நூலில் போட்டால் எங்கள் பிள்ளைகள் தராசைத்தான் நினைப்பார்கள். துகளைத் துணிக்கை என்று மாற்றி வாசித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த நிறை பொருளையே மாற்றிவிடும்.

மூன்றாவது, மயக்கம். திணைமயக்கம் படித்தவருக்கு அழகுதான். மற்றவருக்கு மயக்க மருந்து. ‘கேயான் மயக்கம்’ என்று தலைப்பிட்டால் சிரிப்பார்கள். ஆங்கில நூல்கள் கேயானும் எதிர்க்கேயானும் ஒன்று மற்றொன்றாவதற்கும் இதே பெயரைத்தானே பாவிக்கின்றன? அதற்கும் மயக்கம்தானா?

——

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முதல் மடலிலேயே தொட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாமும் அந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை. குவார்க்குகளில் நடப்பது ஒரு நிலையான சாய்வு, அதில் காலம் என்பதே வராது. மின்சுமையற்ற மேசான்களில் நடப்பது ஆள் மாறாட்டம்: துகளாகப் பிறந்தது எதிர்த்துகளாகச் சாகலாம். அதற்கு ‘மாறாட்டம்’ என்றே வைக்கலாம்.

‘ஊசலாட்டம்’, ‘அலைவு’ இரண்டும் எனக்கு உவப்பில்லை. ஸ்ட்ரேஞ்ச் உள்ள பி-மேசான் (பாட்டம் குவார்க் கொண்ட மேசான்) ஒரு சுற்று மாறாட்டத்தை 0.35 பிக்கோ வினாடியில் முடிக்கிறது. சராசரி ஆயுள் 1.5 பிக்கோ வினாடி, ஆகவே நான்கு சுற்றுக்கு மேல் ஓடிவிடும். அங்கே அலைவு என்பது பொருந்தும். டவுன் உள்ள பி-மேசானுக்கோ ஒரு சுற்றுக்கு 12 பிக்கோ வினாடிக்கு மேல் வேண்டும், ஆயுள் அதே 1.5தான். பெரும்பாலானவை அரைச் சுற்றுக்கு முன்பே போய்விடும். ஊசல் ஒரு பக்கம்கூடப் போய்ச் சேராதபோது ஊசலாட்டம் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் கணிசமானவை எதிர்த்துகளாகவே சிதைகின்றன. 1987இல் ஹாம்பர்க்கில் ஆர்கஸ் என்ற ஆய்வுக் குழு கண்டது இதைத்தான். டாப் குவார்க் எதிர்பார்த்ததைவிட மிகக் கனமானது என்பதற்கு அது முதல் தடயமாயிற்று. மாறாட்டம் இரண்டுக்கும் பொருந்தும்.

நிறை–திணிவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. முதல் முறை வரும் இடத்தில் ‘நிறை (திணிவு)’, அட்டவணைகளில் இரண்டும். ‘நிறைநிலை’யை விட்டுவிடுவோம், ‘தன்நிலை’ (eigenstate) போதும்.

மயக்கத்தை நான் கைவிடவில்லை, ஆனால் தனியே நிற்க விடமாட்டேன். எப்போதும் ‘தலைமுறை மயக்கம்’ என்றே வரட்டும். அந்த முன்னொட்டு மருந்துக் கடையைத் தூரத்தில் நிறுத்திவிடும். தேடுபவர்கள் ‘குவார்க் கலப்பு’ என்றுதான் தட்டுவார்கள், அதனால் சொல்லடைவில் அது ‘காண்க’ என்ற குறிப்போடு இருக்கட்டும்.

சிறு திருத்தம் ஒன்று. வரைவில் சில பக்கங்களில் ‘மென்சிதைவு’ என்று வந்திருக்கிறது. மெல்லியது விசை, சிதைவு அல்ல. லாம்டா பாரியான் (பாரியான் என்பது மூன்று குவார்க் கொண்ட துகள்) புரோட்டானும் பையானுமாகச் சிதறுவதில் மென்மை ஏதுமில்லை. டெல்டா பாரியான் வன்விசையில் 10⁻²³ வினாடிக்குள் முடிந்துபோகிறது, லாம்டா 2.6 × 10⁻¹⁰ வினாடி தாக்குப்பிடிக்கிறது. அந்தத் தாமதம்தான் மெல்விசையின் அடையாளம். ‘மெல்விசைச் சிதைவு’ என்று முழுதாகவே எழுதுவோம்.

சொல்லடைவுக்கு வரைவு:

தலைமுறை மயக்கம்: மெல்விசையில் சோடி சேரும் குவார்க் நிலைகள், குறிப்பிட்ட நிறை (திணிவு) கொண்ட குவார்க் நிலைகளிலிருந்து திரும்பியிருத்தல். மூன்று கோணங்களாலும் (ஏறத்தாழ 13, 2.4, 0.2 பாகை) ஒரு கட்டக் கோணத்தாலும் குறிக்கப்படும். எ-கா: லாம்டாவின் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் அப் குவார்க்காக மாறுவது தலைமுறை மயக்கத்தால். மேசான் மாறாட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.