டர்ன்அரவுண்டுக்குத் தமிழில் என்ன? (வினைல் பூனை, வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புடையீர்,

வடிவமைப்பு மாணவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வீட்டுப் பூனையைப் பார்த்து சோஃபுபி பொம்மைக்குப் படம் வரைவதுதான் பாடம் (சாஃப்ட் வினைலை ஜப்பானியர் அப்படிச் சுருக்கிவிட்டார்கள்). முன், இடம், வலம், பின் என்று ஒரே உருவத்தை ஒரே உயரத்தில் வரிசையாக, தூரநோக்கு (பெர்ஸ்பெக்டிவ்) இல்லாமல் தட்டையாக வரைந்து, கண், முகவாய், பாதம் மூன்றுக்கும் கிடைக்கோடு இழுத்துச் சிற்பிக்குக் கொடுக்கும் தாள், டர்ன்அரவுண்ட். 'சுழற்சிப் படம்' என்று போட்டிருந்தேன். அசைபடம் என்று நினைக்கிறார்கள்.
ந.

> சுழற்சிப் படம்

'வலப்படம்' போதுமே. வலம்வருதல் நம் சொத்து. திருமுருகாற்றுப்படை முதலடியிலேயே ஞாயிறு 'வலனேர்பு திரிதரு'கிறது.
இல.

> வலப்படம்

ஐயா, அந்தத் தாளிலேயே வலப்பக்கப் படம் ஒன்று இருக்கிறது! குழப்பம் அங்கேதான் தொடங்கும். மூவண்ணப் பூனைக்கு இடக்கண்ணைச் சுற்றி மட்டும் கருந்திட்டு இருக்கலாம். மாணவர் ஒரு பக்கத்தை வரைந்து மறுபக்கத்துக்குக் கண்ணாடி போலப் புரட்டிப் போட்டால், திட்டு இரண்டு கண்ணிலும் ஏறிவிடும். வண்ணம் தெளிக்கும்போது மற்ற இடத்தை மறைக்கும் உலோக மாஸ்க் செய்த பிறகு கண்டுபிடித்தால் மாஸ்க்கைப் புதிதாகச் செய்ய வேண்டும். தவிர, வலம்வருகிறவர் பார்ப்பவர். இங்கே அவர் நிற்கிறார், பூனைதான் திரும்புகிறது. ஜப்பானியத்தில் 'சன்மென்ஸு', அதாவது மும்முகப் படம். அப்படியே எடுத்துக்கொள்ளலாமே?
த.

> மும்முகப் படம்

பூனைக்கா, கோயில் சிலைக்கா? நான்கு பக்கம் வரையச் சொல்லிவிட்டு மூன்று என்று பெயரா?

> பூனைதான் திரும்புகிறது

அப்படியானால் வேர் 'திரி'. மாவரைக்கும் திரிகை, குயவர் திரிகை எல்லாம் அதிலிருந்துதான். 'திரிபடம்' என்க.
இல.

ஐயா, 'திரிபடம்' என்றால் திரித்த படம் என்றல்லவா படிப்பார்கள்? பால் திரிவதும் அந்த வேர்தான். நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்றார். பழைய வினைலில் அதை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து பிசுபிசுப்பதற்கு வேண்டுமானால் மூன்றாவது பொருந்தும்.

பெயர் ஒருபுறம் இருக்கட்டும், த. அவர்களே, கையேட்டில் பொம்மையின் கழுத்தைப் பற்றிய பகுதியைச் சரிபார்த்துத் தர முடியுமா?
ந.

பார்த்தேன். ஒவ்வொரு உறுப்புக்கும் உலோக அச்சு ஒரே துண்டு. வினைல் சூடாக, இளகி இருக்கும்போதே திறப்பு வழியாகக் குறடால் இழுத்தெடுப்பார்கள். ஆகவே தலை, உடல், வால் தனித்தனி. இணைப்பு எங்கே வரும் என்பதை ஓவியரே இந்தத் தாளில் கோடிட்டுக் காட்ட வேண்டும். கழுத்துக்குப் பட்டை வரைந்துவிட்டால் தலை இணைப்பு அதன் கீழ் மறையும். காது நுனி, வால் நுனி கூராக இருந்தால் உள்ளே காற்று சிக்கிக் குமிழ் விழும், மழுங்கலாக்கச் சொல்லுங்கள். மீசை உலோக அச்சில் வராது, மேலே மையால் அச்சடிக்கத்தான் வேண்டும். கண்ணை ஆழக் குழிக்கவும் கூடாது: பேட் பிரிண்டிங்கில் மையைத் தொட்டு ஒற்றும் சிலிகோன் திண்டு குழிக்குள் இறங்காமல் கருவிழியின் ஓரம் விட்டுப்போகும். கையேட்டில் 'ரோமத்தை முழுதும் வரைக' என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். கன்னத்தில் இரண்டு, மார்பில் ஒன்று என்று குஞ்சம் போதும்.
த.

பாலிடெக்னிக் வரைபடப் பாடத்தில் முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்று ஏற்கெனவே படிக்கிறார்கள். அதோடு ஒட்டி 'சுற்றுத்தோற்றம்' என்றால் விளக்கமே வேண்டாம்.
க.

+1. களைத்துவிட்டேன்.
த.

எனக்கும் சரி. 'சுற்றுத்தோற்றம்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'டர்ன்அரவுண்ட் என்பர்' என்று சேர்க்கிறேன்.
ந.

என் மறுப்பைப் பதிவு செய்க. தோற்றம் கண்ணுக்குப் படுவது, தாள் கையில் இருப்பது, இரண்டும் ஒன்றல்ல. பெரும்பான்மைக்கு இலக்கணம் கட்டுப்படாது போலும்.

அதோடு 14ஆம் பக்கத்தில் பிளைண்ட் பாக்ஸுக்கு (உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாமல் வாங்கும் பெட்டி) 'குருட்டுப் பெட்டி' என்றிருக்கிறதே, அம்மா, அதை யார் ஒப்புக்கொண்டது?
இல.